முதல் நெடுந்தூர நிதி திரட்டும் சைக்கிள் பயணம்: புதியவர்கள் தயாராவது எப்படி?

பெயர் கொடுத்தாயிற்று. நாலு பேரிடம் சொல்லியும் ஆயிற்று, இனி நழுவ முடியாது. தூரம் 100 கிலோமீட்டரோ 150 கிலோமீட்டரோ இருக்கும். கையில் இருப்பது மூன்று, மூன்றரை மாதம். இதுவரை ஒரே மூச்சில் 15 கிலோமீட்டருக்கு மேல் மிதித்ததில்லை. இந்த இடத்தில் நிற்பவருக்காக எழுதுகிறேன்.

இது பந்தயம் இல்லை என்பதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். புற்றுநோய் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் நிதி திரட்ட அமெரிக்காவில் நடக்கும் பான்-மாஸ் சேலஞ்ச் 1980-இல் வெறும் 36 பேரோடு தொடங்கியது. இன்று ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். இதய நோய் ஆராய்ச்சிக்காக லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போகும் பயணம் 54 மைல், ஏறக்குறைய 87 கிலோமீட்டர். அதன் கடைசிப் பகுதியில் டிட்ச்லிங் பீக்கன் என்று ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. அங்கே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம், யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. நேர வரம்புக்குள் போய்ச் சேர்ந்தால் போதும்.

முதல் முறை வருகிறவர்கள் பாதியில் நிற்பதற்குக் காலில் தெம்பு இல்லாதது பெரும்பாலும் காரணமாக இருக்காது. உட்கார முடியாமல் போகும், கை மரத்துப்போகும், வயிறு காலியாகிவிடும், அல்லது முதல் ஒரு மணி நேரத்திலேயே முழு வேகத்தையும் காட்டித் தீர்த்திருப்பார்கள். அதனால் நீங்கள் செய்யப்போகும் பயிற்சியின் நோக்கம் ஒன்றுதான்: நாள் முழுக்கச் சீட்டில் இருந்தபடி சாப்பிட்டு, குடித்து, நிதானமாக நகர்ந்துகொண்டே இருக்க உடம்பைப் பழக்குவது. கீழே சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

இதய நோய், ரத்த அழுத்தம், நீரிழிவு இருப்பவர்களும், பல வருடமாக உடற்பயிற்சியே செய்யாதவர்களும் தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வண்டியும் உங்கள் உடம்பும்

புது வண்டி வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. பிரேக் பிடிக்கிறது, கியர் ஒழுங்காக மாறுகிறது, சக்கரம் கோணாமல் சுற்றுகிறது என்றால் இருப்பதே போதும். மலைப்பாதை வண்டி என்றால் முட்டு முட்டாக இருக்கும் டயரைக் கழற்றிவிட்டு வழவழப்பான டயர் போடுங்கள். தார்ச்சாலையில் அந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசம் தரும். செலவு செய்யக் கொஞ்சம் பணம் இருந்தால் அதை இலேசான வண்டியில் போடுவதைவிட நல்ல சைக்கிளிங் ஷார்ட்ஸிலும் சீட்டிலும் போடுவேன்.

சீட்டின் உயரத்தை இன்றைக்கே பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் அதைத் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பட வேண்டும் என்ற பழக்கம்தான் காரணம். அப்படி வைத்தால் மிதிக்கும்போது முழங்கால் மடங்கியே இருக்கும், 40 கிலோமீட்டர் தாண்டியதும் வலி தொடங்கிவிடும். சரியான உயரம் பார்க்க எளிய வழி இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் ஒன்றை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். அந்த நிலையில் கால் முழுதாக நீண்டு, முழங்கால் நேராக இருக்க வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் தானாகவே இலேசாக மடங்கும். இந்த உயரத்தில் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் தரையில் ஊன்ற முடியாது. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நுணுக்கமாகத் திருத்துவதெல்லாம் வலி சொல்வதை வைத்துத்தான். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால், அல்லது மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால், உயரம் அதிகம். ஒரு தடவைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். சரியாக அமைந்ததும் சீட் கம்பியில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். பழுது பார்க்கக் கொடுக்கும் இடத்தில் அது நிச்சயம் இறங்கிவிடும்.

கை மரத்துப்போவது பெரும்பாலும் கையின் குற்றம் இல்லை. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கும், எடை முழுக்க உள்ளங்கையில் இறங்கும். சீட்டைச் சமமாக வையுங்கள். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் இதேதான். முழங்கை இலேசாக மடங்கியிருக்க வேண்டும், விறைப்பாக நீட்டியிருக்கக் கூடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். அதைப் பல நாள் சும்மா விடக்கூடாது.

உட்காரும் இடம்

இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால்தான் பலர் அவதிப்படுகிறார்கள். மெத்தென்று பஞ்சுபோல இருக்கும் சீட் கடையில் சுகமாகத்தான் தெரியும். மூன்று மணி நேரம் ஆனதும் அது அமுங்கி, எலும்பு தாங்க வேண்டிய எடையை மென்மையான தசைமேல் ஏற்றிவிடும். உங்கள் இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு உட்காரும் எலும்புகளுக்கு இடையிலான அகலத்துக்கு ஏற்ற, ஓரளவு உறுதியான சீட்தான் நீண்ட தூரத்துக்கு நல்லது.

சைக்கிளிங் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. உள்ளே இருக்கும் மெத்தைப் பட்டை (பேட்) நேரடியாகத் தோலில் பட வேண்டும் என்றுதான் அதைத் தைத்திருக்கிறார்கள், இடையில் இன்னொரு துணியின் தையல் உரசினால் புண் வரும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் நாட்களில் உரசும் இடத்தில் அதற்கென்று விற்கும் க்ரீம் தடவிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஷார்ட்ஸை மாற்றிக் குளிப்பது. வியர்வை ஈரத்தோடு உட்கார்ந்து கதை பேசினால் கொப்புளம் வரும். ஓட்டும்போதும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று சில சுற்று மிதியுங்கள். ரத்த ஓட்டம் திரும்ப அதுவே போதும்.

முதல் இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். அது பழகிவிடும். மரத்துப்போனால் மட்டும் விடாதீர்கள், சீட்டின் சாய்வையோ சீட்டையோ மாற்றுங்கள்.

வாரக் கணக்கு

கையில் 14 வாரம், இலக்கு 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள் போதும்: வார நாட்களில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இரண்டு முறை, வார இறுதியில் நீண்டதாக ஒன்று. முதல் நான்கு வாரங்களின் நீண்ட பயணம் 30, 35, 45, 30 கிலோமீட்டர். அடுத்த நான்கு 55, 65, 75, 50. அதற்கடுத்த நான்கு 85, 100, 120, 70. பதின்மூன்றாவது வாரம் 40. பதினான்காவதில் பயணம்.

ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரம் குறைவதைக் கவனித்திருப்பீர்கள். உடம்பு வலுவாவது மிதிக்கும்போது இல்லை, மிதித்ததற்குப் பிந்தைய ஓய்வில்தான். இந்த இறக்க வாரங்களை 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று தாண்டிப் போகிறவர்கள்தான் ஒன்பதாவது பத்தாவது வாரத்தில் முழங்கால் வலியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். பயிற்சியிலேயே ஒருமுறை 150 ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். 120 ஓட்டியவர், கூட்டமும் உற்சாகமும் இருக்கும் நாளில் மீதி 30-ஐ ஓட்டிவிடுவார்.

காய்ச்சலாலோ வேலையாலோ ஒரு வாரம் போய்விட்டால் போகட்டும். அடுத்த வாரம் இரண்டு மடங்கு ஓட்டிக் கணக்கைச் சரிக்கட்டாதீர்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். உங்கள் பாதையில் ஏற்றம் அதிகம் என்றால் கிலோமீட்டரைவிட நேரத்தைக் கணக்கு வைப்பது நல்லது. மேட்டில் நாலு மணி நேரம், சமதரையில் ஓட்டும் நாலு மணி நேரத்தைவிடக் குறைவான தூரம்தான் கொடுக்கும், ஆனால் உடம்புக்கு அதே உழைப்பு.

வார நாட்களின் இரண்டு பயணங்களில் ஒன்றைச் சோம்பலாக ஓட்டுங்கள். இன்னொன்றில் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, நாலைந்து நிமிடம் மூச்சு வாங்கும்படி, பிறகு மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு தடவை. அருகில் ஏற்றம் இருந்தால் அதிலேயே செய்யலாம். பயணம் இரண்டு நாள் நடப்பது என்றால் கடைசி ஐந்தாறு வாரங்களில் இரண்டு மூன்று முறையாவது சனி, ஞாயிறு அடுத்தடுத்து ஓட்டுங்கள். முந்தைய நாள் களைத்த காலோடு மறுநாள் காலையில் சீட்டில் ஏறுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

மிதிக்கும் வேகம்

பேச்சுச் சோதனைதான் மலிவான கருவி. ஓட்டிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சிழுத்தால் வேகம் அதிகம். நீண்ட பயணங்களை எல்லாம் பேச முடிகிற வேகத்திலேயே ஓட்டுங்கள்.

காலைச் சுற்றும் வேகமும் முக்கியம். புதியவர்கள் கனமான கியரில் அமுக்கி அமுக்கி மிதிப்பார்கள், நிமிடத்துக்கு 60 சுற்றுகூட வராது. இலேசான கியருக்கு மாறி 80 முதல் 90 சுற்று வரும்படி பழகினால் முழங்காலின் பாரம் குறையும், தொடையும் சீக்கிரம் களைக்காது. கருவி தேவையில்லை. வலது முழங்கால் 15 விநாடியில் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணுங்கள், 20 முதல் 22 வந்தால் சரி. ஏற்றம் கண்ணில் பட்டதுமே கியரை இறக்குங்கள். பாதி மேட்டில் நின்றுபோகும் நிலையில் மாற்றினால் செயின் முறுகிக் கழன்றுகொள்ளும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். காற்றைக் கிழிக்கத் தேவையான உழைப்பு வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவர் 30-க்குப் போனால் வேகம் கூடுவது ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய உழைப்பு ஏறக்குறைய 1.7 மடங்காகிறது. எதிர்காற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய வேகத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். கியரை இறக்கி, உடம்பைத் தாழ்த்தி, வேகமானியைப் பார்க்காமல் போங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தாகச் சேமித்து வைத்திருப்பது சுமார் 400 முதல் 500 கிராம். சும்மா ஓட்டும் ஒரு மணி நேரத்துக்கு அது தாராளம், ஏழெட்டு மணி நேரத்துக்குக் காணாது. தீர்ந்துபோனால் திடீரென்று கால் நகராது, தலை கிறுகிறுக்கும், காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். அந்த நிலைக்குப் போனபிறகு சாப்பிட்டால் சரியாக வெகுநேரம் பிடிக்கும். அதனால்தான் பசிக்கு முன் சாப்பிட வேண்டும்.

அளவு: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் கிடைக்கும். புறப்பட்ட அரை மணி நேரத்துக்குள் முதல் வாய், அப்புறம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. போனில் அலாரம் வைத்துவிடுங்கள், பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோகும். கொழுப்பும் நார்ச்சத்தும் அதிகமுள்ளதை ஓடும்போது சாப்பிட்டால் வயிற்றில் கல்லாகக் கிடக்கும். அவற்றை முந்தைய இரவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும் என்பதைப் பலர் நம்புவதில்லை. அசையும் உடம்பில் செரிமானத்துக்குப் போகும் ரத்தம் குறைவு, பழக்கம் இல்லாத வயிறு குமட்டலைத்தான் காட்டும். ஆகவே 50 கிலோமீட்டர் தாண்டும் ஒவ்வொரு நீண்ட பயணத்திலும், பயணத்தன்று என்ன சாப்பிடப்போகிறீர்களோ அதையே, அதே இடைவெளியில் சாப்பிட்டுப் பாருங்கள். இடைத் தங்கல்களில் என்ன தருவார்கள் என்று அமைப்பாளர்களிடம் முன்பே கேட்டு, அதையும் ஒருமுறை சோதித்துவிட்டால் இன்னும் நிம்மதி.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று தொடங்குங்கள். வெயிலும் உங்கள் வியர்வையும் பொறுத்துக் கூடும் குறையும். துல்லியமாகத் தெரிய, இரண்டு மணி நேரப் பயணத்துக்கு முன்னும் பின்னும் குறைவான உடையில் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர். அதோடு வழியில் குடித்ததைக் கூட்டினால் வியர்த்த அளவு கிடைக்கும். அதற்காகக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிப்போகும், முற்றினால் உயிருக்கே உலை வைக்கும். எடை கூடித் திரும்பினீர்கள் என்றால் அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள். நீண்ட நாட்களில் இரண்டு பாட்டிலில் ஒன்றிலாவது உப்புச் சத்து கலந்துகொள்ளுங்கள்.

பஞ்சர் ஒட்டாமல் ட்யூப் மாற்றுவது

வழியில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மாற்று ட்யூப் ஒன்று, டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு இவை சீட்டுக்குப் பின்னால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். வீட்டில் நிதானமாக நாலைந்து முறை செய்து பாருங்கள்.

பின்சக்கரம் என்றால் முதலில் செயினைப் பின்பக்கத்தின் ஆகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள், கழற்றவும் மாட்டவும் சுலபம். மிச்சக் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரைச் செருகி டயரின் ஒரு விளிம்பை மட்டும் ரிம்மைத் தாண்டி வெளியே எடுங்கள். ட்யூபை உருவுங்கள். இங்கேதான் அவசரப்படக் கூடாது. டயரின் உட்புறத்தில் விரல் நுனியை மெல்ல ஓட்டி ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். முள்ளோ கண்ணாடிச் சில்லோ குத்தி நிற்கும், சில நேரம் கண்ணுக்கே தெரியாத மெல்லிய கம்பியாக இருக்கும். அதை எடுக்காமல் புது ட்யூபைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் அதுவும் போய்விடும்.

புது ட்யூபில் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று அடித்து உள்ளே வையுங்கள், அப்போதுதான் முறுக்கிக்கொள்ளாது. வால்வு நேராக நிற்கட்டும். டயர் விளிம்பை வால்வுப் பக்கமிருந்து தொடங்கி இரண்டு கட்டைவிரலாலும் உள்ளே தள்ளிக்கொண்டே வாருங்கள். கடைசி ஒரு சாண் முரண்டு பிடிக்கும். அதை லீவரால் நெம்பினால் ட்யூப் கிள்ளுப்பட்டு ஓட்டையாகலாம். அதற்குப் பதிலாக, எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்திவிட்டால் தேவையான தளர்வு கிடைக்கும். காற்றடிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ட்யூப் எட்டிப் பார்க்கிறதா என்று ஒரு சுற்று பாருங்கள்.

டயரில் அச்சிட்டிருப்பது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அந்த அளவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் குறைத்தால் குலுக்கல் குறையும், கைக்கும் இடுப்புக்கும் நல்லது.

கூட்டத்தில் ஓட்டுவது

தனியாகவே பயிற்சி செய்தவர் நூறு பேர் நடுவில் திணறிப்போவார். இரண்டு நீண்ட பயணங்களையாவது நாலைந்து பேரோடு ஓட்டிப் பாருங்கள். உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று வராமல் பார்த்துக்கொள்வதுதான் தலையாய விதி. அவர் சட்டென்று ஒதுங்கினால் சக்கரங்கள் உரசும், விழப்போவது பின்னால் இருக்கும் நீங்கள்தான். குழி வந்தால் கையால் காட்டுங்கள், நிற்கப்போகிறீர்கள் என்றால் குரல் கொடுங்கள், சடாரென்று பிரேக் பிடிக்காதீர்கள். இறக்கத்தில் வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிடிப்பது சறுக்கலுக்கு வழி. ஹெல்மெட்டைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிதி திரட்டுவது

இதுவும் பயிற்சித் திட்டத்தின் பகுதிதான், கடைசி மாதத்துக்குத் தள்ளினால் இரண்டும் கெடும். பதிவுக் கட்டணம் வேறு, திரட்டித் தர வேண்டிய தொகை வேறு. சில பயணங்களில் குறைந்தபட்சத் தொகை சேராவிட்டால் மீதியை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். விதிகளைப் படித்துவிட்டுப் பெயர் கொடுங்கள். அறக்கட்டளை முறையாகப் பதிவானதா, கொடுக்கும் பணத்தில் எவ்வளவு உரிய காரியத்துக்குப் போகிறது, ரசீது தருவார்களா என்பதை உங்களிடம் கேட்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும்.

முதல் நன்கொடையை நீங்களே போடுங்கள். வெறுமையான பக்கத்தில் முதல் ஆளாகக் கொடுக்க எல்லோரும் தயங்குவார்கள். எல்லோருக்கும் ஒரே செய்தியை அள்ளித் தெளிப்பதைவிட, நெருங்கிய இருபது பேருக்குப் பெயர் சொல்லித் தனித்தனியாக எழுதினால் பலன் அதிகம். ஏன் இந்தக் காரியம், எவ்வளவு தூரம், என்றைக்கு, எப்படிப் பணம் அனுப்புவது, இந்த நான்கும் நாலு வரியில் இருந்தால் போதும். அப்புறம் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பிறகும் சிறு தகவல் போடுங்கள். '100 கிலோமீட்டர் முடித்தேன்' என்ற செய்தியில் கேட்காமலேயே கேட்பது இருக்கிறது. வேலை செய்யும் நிறுவனம் ஊழியர்கள் திரட்டும் தொகைக்கு ஈடாகத் தானும் போடுமா என்று விசாரியுங்கள், பல இடங்களில் அந்த வழக்கம் உண்டு.

கடைசி இரண்டு வாரமும் அந்த நாளும்

இந்த இரண்டு வாரத்தில் ஓட்டி எந்தப் பலத்தையும் புதிதாகச் சேர்க்க முடியாது, களைப்பைத்தான் சேர்க்க முடியும். தூரத்தைக் குறையுங்கள், ஆனால் முழுக்க நிறுத்திவிடாதீர்கள், கால் கனத்துப்போகும். ஒரு வாரம் முன்பே வண்டியைப் பழுது பார்த்து, அதன்பின் ஒருமுறை ஓட்டிச் சோதித்துவிடுங்கள். புது ஷூ, புது சீட், புது உணவு எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். உங்கள் பேச்சுச் சோதனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டருக்குப் பிறகு அவர்களில் பாதிப் பேரை வழியில் பார்ப்பீர்கள். இடைத் தங்கல்களில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள்: பாட்டிலை நிரப்பி, சாப்பிட்டு, கழிப்பறை போய்வந்து கிளம்பிவிடுங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும், ஐந்து தங்கலில் இரண்டரை மணி நேரம் போய்விடும். தூரத்தைத் தங்கல் தங்கலாகப் பிரித்து, அடுத்ததை மட்டும் நினையுங்கள். தலைசுற்றல், குளிர்நடுக்கம், குழப்பம் எது வந்தாலும் நிறுத்தி, பின்னால் வரும் உதவி வாகனத்துக்குக் கை காட்டுங்கள். நன்கொடை கொடுத்தவர்கள் யாரும் கிலோமீட்டர் கணக்குப் பார்த்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

முடித்த ஒரு மணி நேரத்துக்குள் நன்றாகச் சாப்பிடுங்கள், மறுநாள் கொஞ்சம் நடங்கள். அந்த வாரத்திலேயே கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதி, மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். தருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனவர்களுக்கு நீங்கள் முடித்த படத்தோடு ஒரு செய்தி அனுப்பவும் அதுதான் சரியான சமயம்.